அப்பா சாப்பிட்ட அசாம் பெடாஸ்

ஜொகூரின் கோத்தா திங்கியில் வெள்ளம் ஏறிய மூன்றாம் நாள் காலை, அப்பாவின் கைப்பேசியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது அப்பா இல்லை, ஒரு மலாய்ப் பெண்மணி. அவர் மலாயில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"நீங்க இவரோட மகள்தானே?"

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல, பயப்படாதீங்க. ஆனா ரெண்டு நாளா பிஸ்கட்டும் பால் ஊத்தாத கோப்பி ஓவும்தான் உள்ள போகுது. சோறு வேணாங்கறாரு. நான் இங்க டேவான்ல சமைக்கிறவ. இவருக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க."

டேவான் என்று அவர் சொன்னது பள்ளிக்கூட மண்டபத்தை. ஆற்றோரத்து வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு தனியாகவே இருந்தவர். ஒரு பையில் இரண்டு சாரம், மருந்து, அம்மாவின் படம் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். நான் இருப்பது ஜொகூர் பாரு பக்கத்தில், பெர்மாஸ் ஜெயாவில். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அன்று சாலை இரண்டு இடங்களில் தண்ணீருக்குள் இருந்தது.

"மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாரு," என்றேன்.

"அது தெரியும். இங்க மாடே சமைக்கல. எல்லாருக்கும் சேத்துதான் ஆக்கறோம், கோழியும் மீனும்தான்."

அடுத்ததைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏறக்குறைய முப்பது வருடமாக மலாய்க்காரப் பெண்களோடு ஒரே மேசையில் மதியச் சோறு சாப்பிடுகிறவள். அப்படிப்பட்ட நான் ஒரு மலாய்ப் பெண்ணிடம், அதுவும் என் அப்பாவுக்காக அக்கறைப்பட்டுத் தொலைபேசியில் அழைத்தவரிடம், இதை எப்படிச் சொல்வது?

"தெரியாத சட்டியில ஆக்கினத அவரு தொட மாட்டாரு, காக்," என்றேன். காக் என்றால் அக்கா.

மறுமுனையில் கரண்டி உரசும் ஓசையும் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தமும் கேட்டன. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"சரி. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். "சாப்பிட்டேன்மா."

"என்னப்பா சாப்பிட்டீங்க?"

"மீனு." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு தடவ வாங்கினேன்."

நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்மணிக்குக் கோத்தா திங்கியில் மேட்டுப் பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கடையில் அசாம் பெடாஸ் மட்டும்தான். புளிப்பும் காரமுமாக நீர்க்கக் காய்ச்சிய மலாய் மீன் குழம்பு அது. கடைக்கு வெள்ளம் வரவில்லை. அதனால் தன் சட்டிகளையே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குச் சமைக்க வந்திருந்தார். என்னோடு பேசி முடித்தவுடன் அப்பாவைக் கையோடு சமையலிடத்துக்கு அழைத்துப்போய், ஒரு நெகிழி நாற்காலியில் உட்காரவைத்து, சட்டியைக் காட்டியிருக்கிறார். "அங்கிள், இது என் கடைச் சட்டி. வாங்கின நாள்லேருந்து இதுல மீனத் தவிர ஒன்னும் வெந்ததில்ல. நீங்க இங்கயே உக்காந்து பாருங்க." அப்பா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மிளகாய் அரைத்ததிலிருந்து மீன் போட்டு இறக்கியது வரைக்கும்.

இரண்டு நாள் கழித்துச் சாலை திறந்தது. நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

மண்டபத்தில் அப்பாவின் பாய் காலியாக இருந்தது. பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே, கூரை மட்டும் போட்ட இடத்தில், பெரிய பெரிய காஸ் அடுப்புகளுக்குப் பக்கத்தில், அப்பா வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை யாரோ கொடுத்தது, ஏதோ ஓட்டப் பந்தயத்தின் பெயர் எழுதியது. முகத்தில் நான் பயந்துகொண்டு வந்த களைப்பு எதுவும் இல்லை.

"வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் காக் ஒரு தட்டை என் கையில் வைத்தார். அறுபது வயது இருக்கும். குள்ளம். முக்காட்டை இழுத்துக் கழுத்தில் சொருகியிருந்தார். வெள்ளைச் சோற்றின் மேல் சிவந்த குழம்பு ஓடியது. அதில் திருக்கை மீன் துண்டு, இரண்டு வெண்டைக்காய், வதங்கிய கெசும் இலை. நம் மீன் குழம்பு மாதிரி இது சோற்றின் மேல் கெட்டியாக உட்காராது. தண்ணீராக ஓடித் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். முதல் வாயில் புளிப்புத்தான் தெரியும். காரம் கொஞ்சம் பொறுத்து, தொண்டை வழியாக வரும். அந்த இலையின் வாசம் கடைசியில் மூக்கில் ஏறும். கொத்தமல்லியும் இல்லை, புதினாவும் இல்லை. இரண்டுக்கும் எட்டாத ஒரு வாசம்.

அப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். திருக்கையின் குருத்தெலும்பைப் பல்லில் இழுத்து மென்றார். விரலை வழித்தார். "இன்னும் கொஞ்சம் குழம்பு, மக்சிக்," என்று தோட்ட வேலையில் பழகிய மலாயில் கேட்டார். தன்னைவிட இளையவரையும் மரியாதைக்காக மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கோபம்தான் வந்தது. பாதிச் சோற்றோடு தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"பசிக்கல," என்றேன்.

அந்தக் கோபத்துக்கு வயது நாற்பது.

நான் செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, டவுன் இடைநிலைப் பள்ளிக்குப் போனவள். எங்களை நேரே முதல் படிவத்தில், அதாவது ஏழாம் வகுப்பில், சேர்க்கவில்லை. மலாய் சரியாக வராது என்று ஒரு வருடம் புதுமுக வகுப்பில் உட்காரவைத்தார்கள். அது முடிந்து முதல் படிவத்துக்குப் போனபோது, என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். பக்கத்தில் அரசாங்கம் நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊரைச் சேர்ந்தவள். அவள் அப்பாவும் எங்கள் தோட்டத்து ஆட்களைப் போலச் செம்பனைதான் வெட்டினார், ஆனால் சொந்த நிலத்தில். நான் மலாயில் தடுமாறினால் சிரிக்கமாட்டாள். வாக்கியத்தை அவளே மெதுவாக முடித்துக்கொடுப்பாள். அவளுக்குக் கணக்கு வராது, எனக்கு வரும். அப்படியே ஒட்டிக்கொண்டோம்.

ஒரு ஹரி ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, மறுநாள் அவள் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தாள். சைக்கிளில், ஒரு எனாமல் தூக்கை மாட்டிக்கொண்டு. உள்ளே அவள் அம்மா சமைத்த கெத்துப்பாட்டும் கோழி ரெண்டாங்கும். தென்னங்குருத்துக் கூடுக்குள் வெந்த அரிசியும், தேங்காய்ப்பால் வற்றும்வரை கிளறிய கோழியும். "அம்மா சொன்னாங்க, கோழிதான், மாடு இல்லன்னு கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க," என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மூடியைத் திறந்து மோந்துகொண்டிருந்தபோது அப்பா வேலை முடிந்து வந்தார். அப்போது தோட்டத்தில் லோரி ஓட்டினார். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். தூக்கை எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் கொட்டினார். "என்ன சட்டியில ஆக்கினாங்களோ," என்று மட்டும் சொன்னார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அம்மா கழுவித் துணியில் கட்டிக்கொடுத்த தூக்கை மறுநாள் நான் திருப்பிக் கொடுத்தேன். அவள் கேட்டாள், "எப்படி இருந்துச்சு?" நான், "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றேன். அந்தப் பொய்க்குப் பிறகு எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆசிரியரிடம் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி முன்வரிசைக்கு மாறிவிட்டேன். அப்பா என் தோழியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே அப்பா இப்போது ஒரு மலாய்ச் சமையற்காரியின் சட்டியிலிருந்து மூன்றாம் தடவை குழம்பு வாங்குகிறார்.

அப்பாவின் வீட்டுக்குள் முழங்கால் உயரம் சேறு நின்றிருந்தது. கழுவி, காயவைத்து, மின்சாரம் சரிபார்க்க மாதக் கணக்காகும் என்றார்கள். அப்பாவைப் பெர்மாஸ் ஜெயாவுக்கு அழைத்துவந்துவிட்டேன். என் கணவர் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர். பகலில் நானும் இருக்கமாட்டேன். அப்பா ஏழாவது மாடியில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. குறை சொல்லமாட்டார். தட்டில் மிச்சம் வைப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "மீன் குழம்பு நல்லா இல்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. அந்த இலை ஒன்னு போட்டாங்களே..."

பசாரில் கெசும் இலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வாங்கிவந்து அசாம் பெடாஸ் செய்ய முயன்றேன். கை தன் பழக்கத்தில் எண்ணெயில் முதலில் வெந்தயத்தைத் தள்ளிவிட்டது. சோற்றில் ஊற்றுமுன்பே அப்பா மோந்துபார்த்துவிட்டு, "வெந்தயம் போட்டியா?" என்றார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வெளியே அழைத்துப்போக ஆரம்பித்தேன். அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எனக்குள் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீட்டு முற்றத்தில் மூன்று மேசை போட்டு விற்கும் தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைச் சாப்பிட்டார். கடலோரத்தில் வாழையிலையில் சுற்றிச் சுட்ட மீனைச் சாப்பிட்டார். ஒவ்வொரு கடையிலும் முதலில் போய் அடுப்பை எட்டிப் பார்ப்பார். மாட்டிறைச்சி சமைப்பதுண்டா என்று நேரடியாகக் கேட்பார். ஆமாம் என்றால், "தெரிமா காசே," என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். இல்லை என்றால் உட்காருவார். எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. ஒருவர், "பக்கத்துக் கடையில மீன் மட்டும்தான் அங்கிள், அங்க போங்க," என்று கூடவே வந்து காட்டினார். கேட்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் ஏன் யாரும் கேட்கவில்லை?

ஜொகூர் பாருவில் ஜொகூர் லக்சா சாப்பிடப் போனோம். மற்ற ஊர்களில் லக்சாவுக்கு அரிசி மீ, அதாவது அரிசி நூடுல்ஸ், போடுவார்கள். இங்கே ஸ்பகெட்டி. அதன் மேல் மீனை வேகவைத்து, முள் நீக்கி அரைத்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. பக்கத்தில் வெள்ளரி, வெங்காயம், முளைப்பயறு, கெசும் இலை, மிளகாய்ச் சம்பல், சின்ன எலுமிச்சை. விவரம் தெரிந்தவர்கள் அதைக் கையால்தான் சாப்பிடுவார்கள். அப்பா முள்கரண்டியை ஒதுக்கிவைத்துவிட்டு விரலால் சுருட்டி வாயில் போட்டார். இரண்டு மேசை தள்ளி இருந்த ஒரு மலாய்ப் பெரியவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார்.

"வெள்ளைக்காரன் மீயில நம்ம ஊரு குழம்பு," என்றார் அப்பா, சந்தோஷமாக.

அந்த 'நம்ம ஊரு' என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது.

"இப்ப எல்லாம் சாப்பிடறீங்கப்பா. அன்னைக்கு என் கூட்டாளி கொண்டுவந்தத ஏன் கொட்டினீங்க?"

"எத?"

"கெத்துப்பாட். கோழி ரெண்டாங். ஹரி ராயாவுக்கு. லயத்துல இருந்தப்ப."

அப்பா சுருட்டிய லக்சாவைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது.

"நானா? எனக்கு ஞாபகம் இல்லியேம்மா."

நாற்பது வருடம் நான் தூக்கிச் சுமந்தது அவர் மனதில் ஒரு கோடாகக்கூட இல்லை. அதைவிட அவர் சண்டை போட்டிருக்கலாம், சாமி பெயரைச் சொல்லி நியாயம் பேசியிருக்கலாம். நான் எழுந்து காருக்குப் போய்விட்டேன். அவர் பின்னால் மெதுவாக வந்தார்.

நான்கைந்து நாள் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்த எடத்துல கொட்டினேன்?"

"வீட்டுக்குப் பின்னால, கால்வாயில."

"உங்கம்மா பாத்துச்சா?"

"பாத்தாங்க."

"ஒன்னும் சொல்லலியா?"

"இல்ல."

கையைப் பார்த்தபடி சொன்னார், "ஞாபகம் இல்லம்மா. ஆனா செஞ்சிருப்பேன். அப்ப நான் அப்படித்தான் இருந்தேன்." எழுந்தார். கதவருகே நின்று, "அந்தப் புள்ள இப்ப எங்க?" என்றார்.

எனக்கும் தெரியாது. அதை யோசித்தபோதுதான் உறைத்தது. நாற்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அவளைத் தேடவில்லை.

தேடினால் இரண்டு நாள் வேலைதான். பழைய பள்ளி மாணவர்களின் வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்று இருந்தது. யாரோ யாரையோ கேட்டு எண்ணை அனுப்பினார்கள். அவள் பத்து பாகாட்டில் இருந்தாள். கல்யாணமாகிப் போனவள், அங்கே ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே நாசி அம்பெங் சமைத்து விற்கிறாள் என்றார்கள். என் செய்திக்கு அவள் பதில் ஒரே வரி: "முன்வரிசைக்குப் போனவதானே?" அன்று முழுவதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். மறுநாள் நானே அழைத்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வா என்றாள்.

இரண்டு மணி நேரப் பயணம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வழியில் நிறுத்தச் சொல்லி ஆரஞ்சுப் பழம் வாங்கினார்.

அவளை வாசலில் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் அடையாளம் காட்டியது. உடம்பு பெருத்து, கண்ணாடி போட்டு, வேறு யாரோ போல இருந்தாள். அவள் கணவர் யாருக்கோ சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தார். நாங்கள் மூவர்தான். அப்பாவின் கையைத் தன் இரண்டு கையாலும் தொட்டு, பிறகு தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

நாசி அம்பெங் ஜாவா வழி வந்த மலாய்க்காரர்களின் விருந்துச் சோறு. பத்து பாகாட் பக்கம் அது இல்லாமல் விசேஷம் இல்லை. தாலாம் என்கிற பெரிய வட்டத் தட்டில் நடுவே சோறு, சுற்றிலும் கோழி, வறுத்த மீ, தேங்காய்ப்பூ வறுவல், நொதித்த சோயாக் கட்டியான தெம்பேயும் பயத்தங்காயும் சேர்த்த காரப் பொரியல், கருவாடு, கடலை பதித்த அப்பளம் போல மொறுமொறுப்பான ரெம்பெயெக். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிடவேண்டும். தனித்தனித் தட்டு கிடையாது. அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து தின்று நடுவை நோக்கி வரவேண்டும்.

அப்பாவால் தரையில் உட்கார முடியாது என்று மேசை மேல் தாலாமை வைத்தாள். "கோழிதான், மாடு இல்ல," என்றாள். அதே வார்த்தைகள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்திருந்த மலாய் வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்பா ஆரம்பித்தார். சோற்றைத் தொடவில்லை. கையைத் தாலாமின் விளிம்பில் வைத்துக்கொண்டு, தன் தோட்டத்து மலாயில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அன்னைக்கு உங்கம்மா கொடுத்தனுப்பினத இவ சாப்பிடல. நான் கொட்டிட்டேன். இவ பேர்ல தப்பு இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடலாமா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். நான் இருங்கள் என்று கை காட்டினேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

"தூக்குல சீனி இருந்துச்சு," என்றாள். "ஒரு கை சீனி. வெறும் பாத்திரத்தத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு உங்க வழக்கமாம், எங்கம்மா சொன்னாங்க. அப்ப அவங்களுக்குச் சந்தோஷம். அப்புறம் நீ எடம் மாறிட்டியா, எங்கம்மாவுக்கு ஒரே கவலை. 'நான் ஏதோ போடக் கூடாதத போட்டுட்டேன் போல, அந்தப் புள்ள கோவிச்சுக்கிச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதுக்கப்புறம் அவங்க யார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பல. சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான்."

அந்தச் சீனி எனக்குத் தெரியாது. துணி முடிச்சை அவிழ்க்காமலேதான் கொடுத்திருந்தேன். வாசலில் நின்று ஒன்றும் பேசாமலிருந்த அம்மா, எங்களுக்குத் தெரியாமல் தன் பங்குக்குச் செய்தது அது.

"அம்மா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்," என்றாள் தோழி. அதட்டலாக இல்லை. ஆனால் அதை மென்மையாக்கவும் அவள் முயலவில்லை. அவள் அம்மா போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

"ஆமா," என்றேன். "நான்தான் ஓடிப்போனேன். அப்பா கொட்டினதோட சரி. பேசாம இருந்தது நானு." அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவள் சோற்றில் கைவைத்தாள். "உன்ன மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப எல்லாம் தண்ணி மட்டும்தான் குடிப்பேன், ஞாபகம் இருக்கா? உங்கம்மா தோசை தருவாங்க. வயிறு சரியில்லம்பேன். எங்கப்பா சொல்லித்தான் அனுப்புவாரு, அங்க எதையும் சாப்பிடாதன்னு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் வயிற்று வலிக்காரி என்று அம்மா சொல்வது மட்டும் லேசாக நினைவிருந்தது.

அப்பா அப்போதுதான் முதல் வாயை எடுத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். ஒரே தட்டில் சாப்பிடும்போது அடுத்தவர் எவ்வளவு சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அப்பா தெம்பேயை ஓரத்துக்குத் தள்ளுவதைப் பார்த்து அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோழித் தொடையை அவர் பக்கம் நகர்த்தினாள். யாரும் வராத நான்காவது பக்கத்துச் சோறு மட்டும் கலையாமல் நின்றது. கிளம்பும்போது அதை வாழையிலையில் மடித்து என் கணவருக்கு என்று கொடுத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். நாற்பது வருடம் பேசாதவர்கள் மறுபடி பதின்மூன்று, பதினான்கு வயதாகிவிட முடியாது. மாதத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்கிறோம். அவள் பேரப்பிள்ளைகளின் படத்தை அனுப்புகிறாள். லக்சாக் குழம்பு எனக்குத் திரிந்துபோனபோது, தீயைக் குறைக்காமல் தேங்காய்ப்பால் ஊற்றினாயா என்று திட்டினாள். பெர்மாஸ் ஜெயாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நாள் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

மலாய்ச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் கடைகளின் பெயரை அடுக்குவேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போதே ஒன்று தோன்றுகிறது. கடையில் சாப்பிட்டால் எழுந்து வந்துவிடலாம், அதோடு முடிந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த சாப்பாடு அப்படி இல்லை. அது பதிலுக்குக் காத்திருக்கும். சாப்பிட முடியாதென்றால் முடியாதென்று சொல்லிவிடுவதும் ஒரு பதில்தான். நான் இரண்டும் செய்யாமல் பொய் சொன்னேன்.

அப்பா இப்போது கோத்தா திங்கிக்கே திரும்பிவிட்டார். வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, மின்சாரப் பெட்டியை மேலே ஏற்றி வைத்திருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் மதியச் சாப்பாடு காக்கின் கடையில். அப்பாவின் ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துத் தனியே ஒரு சட்டியில் ஆக்கிக் கொடுப்பதாகக் காக் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதை அப்பாவிடம் சொல்லக் கூடாதாம். அவருக்கு அது தெரியும் என்பதைக் காக்கிடம் நான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது காக்கின் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். மழைக்காலம் நெருங்குகிறது. இந்தத் தடவை தண்ணீர் வருமுன்பே என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சலாகச் சொன்னேன். பிடிவாதம் பிடிப்பார் என்று நினைத்திருந்தேன்.

"வரேன்," என்றார் உடனே. "அந்த மாசத்துல கடல்ல எறங்க மாட்டாங்களாம், நல்ல மீன் வராதாம். மக்சிக் கடைய மூடிருவாங்களாம்."

"அப்ப என் சமையலுக்காக வரல."

அப்பா திருக்கைத் துண்டைப் புரட்டி, எலும்போரத்துச் சதையை விரலால் பிரித்து, பாதியை என் தட்டில் வைத்தார்.